அட்டையில் பெயர் உள்ளவர் நேரில் வரவேண்டும்

முதலில் நாங்கள் கவனித்தது ஓர் ஓசையைத்தான். சமையலறை வாசலில் வைத்திருந்த அலுமினியக் கிண்ணத்தில் பெல்ட்டு தண்ணீர் குடிக்கும் ஓசை. முன்பெல்லாம் நாக்கை நனைத்துவிட்டுப் போய்விடுகிற பூனை, இப்போது கிண்ணத்தின் முன் உட்கார்ந்து தலையைத் தூக்காமல் குடித்தது. குடித்து முடித்த இடத்திலேயே சற்று நின்று, மறுபடியும் குனிந்தது.

அது சித்திரை மாதம். நெய்வேலிப் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனிதர்களே குடம் குடமாகக் குடிக்கும் பருவத்தில் ஒரு பூனை கூடுதலாகக் குடித்தால் அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? "நல்லா குடிக்கட்டும், ஒடம்புக்குக் குளிர்ச்சிதானே" என்று சொல்லி என் மனைவி புஷ்பம் அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பெரிய கிண்ணமாக வைத்தாள்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் வயதான பூனை ஒன்று இருந்து, அது திடீரென்று நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால், தயவுசெய்து வெயிலைக் காரணமாக்காதீர்கள். நான் எழுதப்போகும் மற்ற யாவும் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவில் இருக்கட்டும். எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் சொல்லவில்லை. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

பெல்ட்டு என்பது பூனைக்கு இடும் பெயரன்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வெட்டிய கரியைச் சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவருகிற, ஓர் ஆள் படுத்து உருளக்கூடிய அகலமுள்ள ரப்பர்ப் பட்டைதான் கன்வேயர் பெல்ட். அதைப் பழுது பார்க்க இறங்கும் ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இயந்திரத்தில் கை வைக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கிறார், இயக்காதே என்பது அதன் பொருள். மாட்டியவர் எவரோ, அவரே நேரில் வந்து அதைக் கழற்ற வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் பிறர் அட்டையில் கை வைக்க மாட்டார்.

ஒருமுறை எங்கள் கூட்டாளி ஒருவர் அட்டையைக் கழற்ற மறந்து, ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார். பெல்ட் நின்றது நின்றபடி இருந்தது. குவார்ட்டர்ஸுக்கு ஜீப் அனுப்பி, மீன் குழம்புச் சோற்றில் வைத்த கையோடு அவரை ஏற்றிவந்தார்கள். சுவிட்சின் முன் நின்று இடது கையால் அட்டையைக் கழற்றிவிட்டு, அதே ஜீப்பில் மீதிச் சோற்றுக்குத் திரும்பினார். என் மகன் சிறுவனாக இருந்தபோது இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பான்.

அப்படி என் அட்டை தொங்கிய ஒரு நாளில்தான், நின்றிருந்த பெல்ட்டின் அடி உருளைகளுக்கு இடையே ஒரு மெல்லிய குரல் கேட்டது. வேலை முடிந்ததென்றால் அட்டையை எடுக்க வேண்டியதுதானே என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவசரப்படுத்தினார்கள். குட்டி கைக்கு வரும்வரை நான் எடுக்கவில்லை. கரித்தூள் அப்பிக் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்த பிறகே அது சாம்பலும் வெள்ளையுமான பெண்குட்டி என்று தெரிந்தது. அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் ஜெரால்டுதான் அதற்குப் பெயர் வைத்தான்.

அது அவனுடைய பூனை. அவன் புத்தகத்தின் மேல் படுத்துத்தான் தூங்கும். அவன் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தால், விட்டுப் போனதற்குத் தண்டனையாக அரை நாள் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கும். பிறகு அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில் வீடு கட்டினேன். பெல்ட்டு எங்களோடு வந்தது. தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, கட்டிலுக்கு அடியில் எங்கள் இருவர் கால்களுக்கும் நடுவில் படுத்திருந்தது. நான் இங்கே எழுதுவது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தவை.

தண்ணீருக்குப் பின் வாந்தி வந்தது. வாந்திக்குப் பின் உடல் வற்றியது. முதுகைத் தடவினால் முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டின. பக்கத்தில் உள்ள ஒரு கால்நடை மருந்தகத்துக்குக் காய்கறிக் கூடையில் வைத்து எடுத்துச் சென்றேன்.

வரிசையில் பசுக்களும் ஆடுகளும் நின்றன. என் முறை வந்தபோது மருத்துவர் கூடையை எட்டிப் பார்த்தார். கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன வயசு?"

"பதினஞ்சு முடிஞ்சுதுங்க சார்."

"பூனைக்கு அதுவே ஜாஸ்தி. புழு இருக்கும். மாத்திரை தரேன்."

மாத்திரையைக் கொடுத்தோம். வாந்தி அதிகமாயிற்று. மறுபடி போனேன். மறுபடியும் புழு மாத்திரை. இந்த முறை நான் நகரவில்லை. ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"பெரியவரே, பூனைக்கெல்லாம் யாரு ரத்தம் பாக்கறா? இது போனா தெருவுல பத்து கெடக்கு. ஒண்ணத் தூக்கினு போங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆட்டைப் பிடித்திருந்த ஒருவர், "ஆடா புடிச்சினு போங்க அய்யா, பாலாவது குடுக்கும்" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

அந்த மருத்துவருக்கு வேலை அதிகம் என்பதை நான் அறிவேன். ஒரு பசு இறந்தால் ஒரு குடும்பம் படுத்துவிடும், பூனை அப்படியன்று. அதையும் அறிவேன். பூனையைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வேறிடம் போயிருப்பேன். தெரியாது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவர் அதைச் செலவழிக்காமல் புழு என்றார். நாங்கள் கோடை முழுவதும் இல்லாத புழுவோடு போராடினோம். சிறுநீரகம் அந்தக் கோடை முழுவதும் தன்பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேசும்போது பூனையைக் காட்டச் சொன்னான். காட்டினோம்.

"என்னம்மா இது, துணி மாதிரி கெடக்கா. ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அங்க உக்காந்துகினு கவலப்படுவ" என்றாள் புஷ்பம்.

அன்று மாலைக்குள் புதுச்சேரியில் நாய், பூனைகளுக்கென்றே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை அவன் கண்டுபிடித்தான். அங்கே பெயர் பதிந்து, கட்டணம் செலுத்தி, கார் ஏற்பாடு செய்து, எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முடித்துவிட்டான்.

அங்கிருந்த மருத்துவர் ஓர் இளம்பெண். முன்காலின் மயிரைச் சிறிதளவு மழித்து ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கிரியாட்டினின் (தசைகள் வேலை செய்யும்போது உண்டாகி, சிறுநீரகத்தால் வெளியேற்றப்பட வேண்டிய கழிவு) இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு (சிறுநீரகம் சிறிது சிறிதாகச் சுருங்கி வேலையை நிறுத்திக்கொள்வது) என்றார்.

"அங்கிள், கை குடுங்க" என்று என் விரல்களைப் பிடித்துப் பூனையின் விலாவுக்குக் கீழே வைத்தார். "தெரியுதா? நல்ல கிட்னி இதவிட ரொம்பப் பெருசா இருக்கும்."

காய்ந்த அவரைக்கொட்டை போன்ற ஒன்று தோலுக்கடியில் நழுவியது. ஓர் உயிரின் உறுப்பை நான் கையால் அறிந்தது அதுவே முதல்முறை.

"வெயிலுக்குத் தண்ணி குடிக்குதுன்னு நெனச்சோம்" என்றாள் புஷ்பம்.

"இல்லைங்கம்மா. கிட்னியால தண்ணிய நிறுத்தி வெச்சுக்க முடியல. குடிக்கிறது பூரா அப்படியே போயிடுது. அதான் குடிச்சிட்டே இருக்கா."

"புழு?" என்று கேட்டேன்.

"புழுவா? யாரு சொன்னது?"

வாயைத் திறந்திருந்தால் என் வயதுக்கு ஒவ்வாத சொல் ஏதேனும் வந்திருக்கும்.

சிகிச்சை என்று அவர் சொன்னது இதுதான்: ரிங்கர் லாக்டேட் (உப்புச் சத்துகள் கலந்த திரவம்) நாள்தோறும் தோலுக்கு அடியில் ஏற்ற வேண்டும், குமட்டலுக்கு மருந்து, உணவில் மாற்றம். "இது குணமாகாது. ஆனா கொஞ்ச காலம் சௌகரியமா வெச்சிருக்கலாம்" என்றார். சௌகரியம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

திரவப் பையை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். புஷ்பம் பூனையை மடியில் அணைத்துக்கொள்ள, நான் கழுத்துக்குப் பின்புறத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செலுத்துவேன். ஏறிய திரவம் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டியாகத் தொங்கி, மெல்ல மெல்ல வடியும். புதிதாகச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: திரவத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள். குளிர்ந்த திரவம் ஏறும்போது அந்த உடல் நடுங்குவதைப் பார்க்க வேண்டியிராது.

இந்தக் காட்சியைத்தான் மீன் விற்கும் அஞ்சலை ஒருநாள் பார்த்தாள். கடலூரிலிருந்து மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பவள். அவள் கணவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெல்ட்டுக்கென்று மீன் தலைகளைத் தனியாக எடுத்துவைத்துக் கொடுப்பாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, குளுக்கோஸா ஏத்துறீங்க? பூனைக்கா?"

"ஒடம்பு சரியில்லடி அதுக்கு."

"எங்க வூட்டுக்காருக்குக் காய்ச்ச வந்தாக்கூட, ஆஸ்பத்திரிக்குப் போவலாமா வேணாமான்னு பொழுதன்னிக்கும் யோசிச்சிகினு கெடக்கறோம். அவுரு கான்ட்ராக்ட்டு. இது பர்மனன்ட்டு போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மீன் தலைகளையும் வழக்கம்போல வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் வந்த கோபமன்று அது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஊசியைக் கையிலிருந்து கீழே வைக்கவும் முடியவில்லை. உங்களிடமும் யாரேனும் இப்படிக் கேட்பார்கள். அதற்குப் பொருத்தமான பதில் என்னிடம் இல்லை. இருப்பதாகப் பாசாங்கு செய்ய மாட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது பெல்ட்டு உணவை முற்றிலும் நிறுத்தியது. வாயில் புண் வந்தது. மூச்சில் சிறுநீரின் வாடை அடித்தது. ஜெரால்டு உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னான். "முடிஞ்சதெல்லாம் பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றான். அப்படியே சேர்த்தோம். உடன் இருக்க எங்களுக்கு அனுமதி இல்லை. நோயுற்ற பிற விலங்குகள் உள்ளே இருப்பதால் பார்வை நேரத்தில் மட்டும் வரலாம் என்றார்கள். நாள்தோறும் பேருந்தில் போய்ப் பார்த்து வந்தோம்.

பூனைகளும் நாய்களும் ஒரே அறையில் இருந்தன. எதிர்க் கூண்டில் ஒரு நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தது. பெல்ட்டின் காலில் குழாய் கட்டியிருந்தது. கழுத்தைச் சுற்றிப் புனல் போன்ற ஒரு நெகிழி வளையம். பதினைந்து ஆண்டுகளாகத் தன்னை நக்கித் தூய்மை செய்துகொண்ட பிராணி, தன் சிறுநீரில் நனைந்த வயிற்றோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. புஷ்பம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காதுகூட அசையவில்லை.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த ஊழியரிடம் போனேன்.

"கூண்டத் தெறங்க தம்பி. வீட்டுக்குக் கூட்டினு போறேன்."

"அப்படியெல்லாம் தர முடியாதுங்க. ஓனரு சொல்லணும்."

"நான்தான் ஓனரு."

அவர் எழுந்து வந்து கூண்டில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். "ஜெரால்டுன்னு போட்டிருக்கு. நீங்களா?"

"அவன் என் மகன்."

"அப்ப அவரு சொல்லட்டுங்க. நாளைக்கு அவரு வந்து என் பூனை எங்கன்னு கேட்டா, நான் யாரக் காட்டறது?"

நான் குரலை உயர்த்தினேன். ஊசி போட்ட கை எது, வாந்தி துடைத்த கை எது என்று கேட்டேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பம் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அந்தத் தம்பி சொல்றது உங்க சட்டம்தானே? அட்டையில யாரு பேரோ அவங்கதான் எடுக்கணும்னு வேலைக்குப் போன காலமெல்லாம் நீங்க சொன்னதுதானே?"

நான் அந்த அட்டையைப் பார்த்தேன். அது சிவப்பில்கூட இல்லை, வெள்ளை. ஆனாலும் அவள் சொன்னது உண்மை. நான் மதித்த விதியே என் முன்னால் நின்று வழியை அடைத்தது. அதனால் கோபம் குறையவில்லை, இரட்டிப்பானது. வாசலுக்கு வந்து மகனை அழைத்தேன்.

"அப்பா, டாக்டர் சொல்றதக் கேளுங்க. இன்னும் ரெண்டு நாள் டிரிப் போட்டா லெவல் இறங்கலாமாம்."

"லெவலு இருக்கட்டும். அவ சொவத்தப் பாத்து உக்காந்திருக்கா."

"நீங்க எமோஷனலா பேசறீங்கப்பா."

"ஆமாம், அப்படித்தான் பேசறேன். நீ எப்படிப் பேசற? காசு கட்டிட்டா ஆச்சா? முடிஞ்சதெல்லாம் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு வாய் போதும். இங்க ஊசி ஏறுறது அவ ஒடம்புல."

அவன் குரல் மாறி ஒலித்தது.

"அது என் பூனப்பா. என்னை விட்டுட்டு நீங்களே முடிச்சிருவீங்களோன்னுதான் என் பேரப் போட்டேன். நான் இல்லாதப்ப மட்டும் பண்ணிடாதீங்க."

அவனும் அட்டைதான் மாட்டியிருந்தான். நான் வரும்வரை இயக்காதே என்று. நான் அவனுக்குச் சொல்லித்தந்ததை அவன் எனக்கே செய்திருந்தான். ஆனால் மாட்டினால் மட்டும் போதாது என்பதையும் அந்தக் கதையில் நான் சொல்லியிருந்தேன்.

"சரி. அட்டை உன்னுது. போன்ல கழட்ட முடியாது. இங்கேருந்து பெங்களூருக்கு ஜீப் அனுப்ப எனக்கு வசதி இல்ல. நீயா வா."

மறுநாள் காலையில் தோளில் பையோடு வந்து இறங்கினான். சவரம் செய்யாத முகம். கூண்டின் முன் குந்தி உட்கார்ந்து, "பெல்ட்டு" என்றான். பூனை மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அந்தக் குழாயையும் வளையத்தையும் இழுத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் திருப்பி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"கோவமா இருக்காப்பா" என்றான். சிரித்தான் என்று நினைத்தேன். சிரிப்பு இல்லை.

"இருக்கட்டும். எங்களுக்கும் சேத்து அவளே காட்டட்டும்."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க மேடம்" என்றான் ஜெரால்டு.

"அவளுக்கு வலிக்குதாம்மா?" என்று நான் கேட்டேன். இத்தனை நாள் இதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

"வலின்னு சொல்ல முடியாது அங்கிள். குமட்டல். ஒரு நாள் பூரா குமட்டிட்டே இருந்தா எப்படி இருக்கும்? அவளுக்கு தினமும் அதுதான்."

"அப்ப ஏன் இத்தன நாளா டிரிப் போட்டீங்க?"

"முடிஞ்சதெல்லாம் பண்ணச் சொன்னீங்க. இதுக்கு மேல வேணாம்னு யாரும் சொல்லல. நாங்களா எப்படி நிறுத்த முடியும்?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் இதைக் கேட்காதவர்களுக்குச் சொல்லவே கூடாது என்று எந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறது? இதைப் படிப்பவர்களே, சேர்க்கும் அன்றே கேளுங்கள்: இந்த உயிர் இப்போது என்ன உணர்கிறது? இந்தச் சிகிச்சை எதுவரை? எப்போது நிறுத்துவோம்? உங்களிடம் எவரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

ஜெரால்டு எழுந்து போய், கூண்டில் இருந்த அட்டையைத் தன் கையாலேயே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஊழியர் கூண்டைத் திறந்தார்.

அவன் விடுப்புச் சொல்லிவிட்டு எங்களோடு தங்கினான். ஜன்னல் கம்பியில் மறுபடியும் பையைத் தொங்கவிட்டேன். இம்முறை பூனையை மடியில் வைத்திருந்தவன் அவன். ஊசி தோலுக்குள் நுழையும் கணத்தில் அந்த உடல் இறுகுவதை அவன் கை அறிந்தது. அதை நான் அவனுக்கு எந்தக் கைப்பேசியிலும் அனுப்பியிருக்க முடியாது.

சில நாள்கள் நன்றாகவே போயின. மதில்மேல் இளவெயிலில் படுத்தது. அஞ்சலை கொண்டுவந்த நெத்திலியில் சிறிது தின்றது. கோபம் தணிந்து ஜெரால்டின் முழங்காலில் முகவாயை வைத்தது. சௌகரியம் என்று அந்த மருத்துவர் சொன்னது இதைத்தான் போலும் என்று நினைத்தேன். இதற்காக நான் பட்ட பாடு வீண் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒருநாள் மாலை அது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது. குனிந்தது. மூக்கு நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, நாக்கு நீளவில்லை. அப்படியே தலையைத் தொங்கவிட்டு நின்றது. குடிக்கவும் முடியவில்லை, விட்டு வரவும் மனமில்லை. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாருப்பா சொல்லணும்? நீங்களா, நானா?" என்றான் ஜெரால்டு.

"உன் அட்டை."

அவன் கிண்ணத்தருகே போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டான். "போதும்பா" என்றான்.

இதற்குக் கருணைக்கொலை என்கிறார்கள். அந்தச் சொல்லின் முதற்பாதியும் எனக்குப் பிடிக்கவில்லை, பிற்பாதியும் பிடிக்கவில்லை. தூங்கவைப்பது என்பது அதைவிட மோசம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; பங்குச் சாமியாரிடம் கேட்கலாமா என்றேன். புஷ்பம் மறுத்தாள். "அவரு கூடாதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? கிண்ணத்துக்கு முன்னால மறுபடி நிக்க வெப்பீங்களா?" நான் கேட்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து எவரும் வீட்டுக்கு வர இயலாது என்றார்கள். மீண்டும் காரில் ஏற்றி, மீண்டும் அந்த அறைக்குக் கொண்டுபோக நாங்கள் விரும்பவில்லை. வேறு வழியின்றி, புழு என்று சொன்ன அதே மருத்துவரை ஜெரால்டு அழைத்தான். மறுநாள் பணி முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

நேர்மையாக எழுத வேண்டும். அவர் அந்த வேலையை நன்றாகவே செய்தார். முதலில் மயக்க ஊசி போட்டு, அது முழுமையாகப் பிடிக்கும்வரை காத்திருந்தார். ஜெரால்டின் மடியிலேயே இருக்கட்டும் என்றார். அவசரப்படவில்லை. கடைசி ஊசிக்குப் பின் பூனையின் மார்பில் விரல் வைத்து, நின்றுவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பழகிய, பதமான கை. அதே கை முதல் நாளே மேசையிலிருந்து எழுந்து அந்த வயிற்றைத் தொட்டிருக்கலாம். என் ஆத்திரம் முழுவதும் அதுதான்.

வாயில்வரை அவரோடு போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"கொஞ்சம் முன்னாடியே காமிச்சிருந்தா இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருக்கலாம் சார்."

"காமிச்சேன் சார். உங்ககிட்டதான் காமிச்சேன். ரெண்டு தடவ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கூடையா, வரிசையா, சிரிப்பா, எது நினைவுக்கு வந்ததோ தெரியவில்லை. வண்டியைக் கிளப்பினார். அன்று வரிசையில் எல்லோரும் சிரித்தபோது பேசாமல் வந்தவன், இந்த முறையாவது அதைச் சொன்னேன். சொன்ன பிறகும் ஆறவில்லை.

வீட்டுக்குப் பின்புறம், புயலுக்குப் பின் நட்ட முந்திரியின் அருகே புதைத்தோம். கரித்தூளிலிருந்து எடுத்தவளை மண்ணுக்குள் வைத்தோம். அவ்வளவே.

அடுத்த மாதம் எனக்கு வழக்கமான உடற்பரிசோதனை. முடிவுத் தாளில் அதே சொல் இருந்தது: கிரியாட்டினின். எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்தது. என் வயதுக்கு அது சகஜம் என்றார் மருத்துவர். சகஜம் என்ற சொல்லுக்கு முன்பு எத்தனை முறை தலையாட்டி எழுந்து வந்திருப்பேனோ, தெரியாது. இம்முறை எழவில்லை. "சகஜம்னா என்ன சார்? எவ்வளவு சுருங்கியிருக்கு? எப்ப மறுபடி பாக்கணும்?" என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்டதற்குப் பதில் சொல்லும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

இப்போது என் உடம்பு எனக்குப் பழைய உடம்பாக இல்லை. விலாவுக்குப் பின்னால், முன்பு வெறும் முதுகாக இருந்த இடத்தில், இரண்டு உறுப்புகள் இருப்பதை அறிவேன். அவற்றின் வடிவமும் என் விரலுக்குத் தெரியும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீண்டால், இது வெயிலா என்று நின்று யோசிக்கிறேன். முன்பு என் நாள்களை ஷிஃப்டுகள் பிரித்தன. பின்பு அந்த ஜன்னல் கம்பியில் தொங்கிய பை பிரித்தது. இப்போது ஒன்றும் பிரிக்கவில்லை. நாள் ஒரே துண்டாக நீள்கிறது.

முடிவை ஜெரால்டிடம் சொன்னேன். பதறிப்போனான்.

"பெங்களூருக்கு வந்துடுங்கப்பா. பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. முடிஞ்சதெல்லாம்..."

"அந்த வார்த்த வேணாம்."

நிறுத்திக்கொண்டான்.

"இப்ப ஒண்ணும் இல்ல. என்னிக்காவது ஆகும். அன்னிக்கு உன் பேரத்தான் எழுதிக் குடுப்பேன். ஆனா போன்ல எதுவும் சொல்லாத. தொடரணும்னாலும் சரி, போதும்னாலும் சரி, வந்து, என் பக்கத்துல உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலும் வா."

அவன் மேசையில் எதையோ நகர்த்தும் ஓசை கேட்டது. அந்த வெள்ளை அட்டையை அவன் இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறான் என்று புஷ்பம் முன்பே சொல்லியிருந்தாள்.

"ஜீப்பெல்லாம் அனுப்ப வேணாம்பா" என்றான். "சோத்துல கை வெச்சிருந்தாலும் வந்துடறேன்."